லூர்தம்மாள் சைமனை மறக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

காமராஜர் ஆட்சி என்று பேச்சு வந்தாலே கக்கனைச் சொல்கிறோம், சி.சுப்பிரமணியத்தைச் சொல்கிறோம். 1957இல் அமைந்த அந்த எட்டுப் பேர் அமைச்சரவையில் இருந்த ஒரே பெண்ணின் பெயர் எங்கள் உவரிக் கரையிலேயே இளவட்டங்களுக்குத் தெரியவில்லை.

அவர் லூர்தம்மாள் சைமன். மீனவ சமூகத்தில் பிறந்தவர். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. மறுவருடமே நடந்த தேர்தலில் குளச்சல் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் வென்று, நேராக அமைச்சராகிவிட்டார். உள்ளாட்சியும் மீன்வளமும் அவர் பொறுப்பு. 1958 பஞ்சாயத்துச் சட்டம் வந்ததும் அந்த ஆட்சியில்தான். (அதே தேர்தலில் நம் திருநெல்வேலித் தொகுதி ராஜாத்தி குஞ்சிதபாதத்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அவரையும் யார் நினைக்கிறோம்?)

இன்றும் விடிகாலையில் கரையில் ஏலம் எடுத்து, தண்ணீர் சொட்டும் மீன்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்களின் சமூகத்திலிருந்து ஒருத்தி அறுபத்தைந்து வருடங்களுக்கு முன்பே கோட்டையில் அமைச்சர் நாற்காலியில் இருந்தார் என்பது அவர்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

அவருடைய சட்டமன்றப் பேச்சுகளை அரசு தொகுத்து ஒரு சிறு நூலாக வெளியிட வேண்டும். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று கடலோரப் பள்ளிகள் அனைத்துக்கும், பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கும் அதன் பிரதிகளைக் கொடுக்க வேண்டும்.

– ஒரு வாசகி, உவரி