கார்பன் கிளீனிங்குக்குக் காசு கொடுக்கும் முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய கார் பராமரிப்பு பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். டயர், பேட்டரி, கூலண்ட் பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் இன்ஜினில் கரி பிடித்து வண்டி இழுக்கவில்லை என்றால் 'கார்பன் கிளீனிங்' செய்துகொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதை நம்பி எங்கள் பக்கத்தில் நிறைய பேர் காசு செலவழிக்கிறார்கள், நானும் செலவழித்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பது 1997 மாடல் மாருதி 800. பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்பரேட்டர் உள்ள வண்டி, மூன்று சிலிண்டர், 796 சிசி. அப்பா வாங்கியது, அதனால் விற்க மனசு வரவில்லை. பாபநாசம் பக்கத்தில் கிராமம். மேட்டூர் திறந்த நாளிலிருந்து தை அறுவடை முடியும் வரை இந்த வண்டி போவதெல்லாம் வயலுக்கும் உரக்கடைக்கும் கூட்டுறவு சங்கத்துக்கும்தான், ஒரு நடைக்கு நாலு கிலோமீட்டர் ஐந்து கிலோமீட்டர், அதுவும் வாய்க்கால் கரை ரோட்டில் இரண்டாவது கியரிலும் மூன்றாவது கியரிலும் எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்கி நின்று நின்று. இன்ஜின் சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிடுவேன்.

இரண்டு வருடத்துக்கு முன் வண்டி மாற ஆரம்பித்தது. எங்கள் ஊர்ப் பக்கம் ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலம்தானே, குடமுருட்டிப் பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறினால் டப்பாவில் சில்லறையைக் குலுக்குவது போல நாக்கிங் சத்தம் கேட்கும். மைலேஜ் 16-இலிருந்து 12-க்கு வந்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் ஒரு நிமிடம் நீலப் புகை, அப்புறம் சரியாகிவிடும். அந்தப் புகை காலையில் மட்டும் ஏன் வருகிறது என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். பெயர் வேண்டாம். கார்பன் சார் என்றார்கள். தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து அந்த வாயுவை ஏர் ஃபில்டர் வழியாக இன்ஜினுக்குள் அனுப்பும் மிஷினை மாட்டி, அரை மணி நேரம் ஐட்லிங்கில் ஓடவிட்டு 3,500 ரூபாய் வாங்கினார்கள். பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவில்லை. ஏர் ஃபில்டரைத் திறக்கவும் இல்லை. இரண்டு வாரம் கொஞ்சம் நன்றாக ஓடியது போல இருந்தது. மூன்றாவது மாதம் பாலத்தில் அதே சத்தம்.

அப்புறம் கும்பகோணத்தில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பிளக் ஸ்பேனரை எடுத்துவிட்டார். மூன்று பிளக்கையும் கழற்றி ஒரு பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்து, "தம்பி, வண்டி சொல்றதை இதுல படிச்சுக்கலாம்" என்றார். முதல் பிளக்கும் மூன்றாவதும் உலர்ந்த கறுப்பு, விரலால் தேய்த்தால் அடுப்புக்கரி போல ஒட்டியது. நடுப் பிளக் ஈரமாக, மினுமினுப்பாக, ஆயில் வாடையோடு இருந்தது. நல்ல பிளக் வெளிர் பழுப்பாக இருக்க வேண்டுமாம். உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஈரக் கறுப்பு என்றால் சிலிண்டருக்குள் ஆயில் இறங்குகிறது. வெளுத்துப்போய் இருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது இன்ஜின் அதிகமாகச் சூடாகிறது. இவ்வளவும் பத்து நிமிடத்தில், ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்தது.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம், எவ்வளவு என்று பார்த்தார். மூன்று சிலிண்டரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. குறைந்திருந்தால் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பாராம், ஏறினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு ரிங் நன்றாக இருந்தது. அப்படியானால் ஆயில் மேலேயிருந்து, வால்வுத் தண்டில் இருக்கும் ரப்பர் வளையமான வால்வு சீல் வழியாக இறங்குகிறது. ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது சொட்டுச் சொட்டாக இறங்கி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் எரிந்து நீலப் புகையாகப் போகிறது. இது தெரியாமல் நான் மிஷின் மாட்டி உள்ளே துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏர் ஃபில்டரைத் திறந்தால் மடிப்பு மடிப்பாக நெல் சுணையும் வைக்கோல் தூசியும். அறுவடை மிஷின் ஓடும் வயலோரம் வண்டியை நிறுத்துகிறோம், ரோட்டிலேயே நெல் காயவைத்திருக்கும் இடத்தில் ஓட்டுகிறோம், வேறு எப்படி இருக்கும்? காற்று அடைபட்டால் கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் பங்கு கூடிவிடும், கரிதான் மிஞ்சும். போதாததற்கு நான், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைத்துவிடும் சோக்கை இழுத்துவிட்டுப் பாதி தூரம் போன பிறகுதான் உள்ளே தள்ளுவேன். அது என் தப்பு.

இன்னொன்றையும் பாய் கண்டுபிடித்தார், அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். தெர்மோஸ்டாட்டே இல்லை. ஏதோ ஒரு கோடையில் வண்டி சூடாகிறது என்று யாரோ கழற்றி எறிந்துவிட்டிருக்கிறார்கள். நம்மூரில் இது சர்வசாதாரணம், வெயில் ஊருக்கு அது தேவையில்லை என்று மெக்கானிக்குகளே சொல்வார்கள். கூலண்ட் 80 டிகிரியைத் தாண்டும் வரை அதை ரேடியேட்டர் பக்கம் விடாமல் நிறுத்தி, இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்குவதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. அது இல்லாவிட்டால் நாலு கிலோமீட்டர் ஓட்டத்தில் இன்ஜின் கடைசி வரை சூடேறாமலே இருக்கும். பிளக் முனை 450 டிகிரி போல ஏறினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. இன்ஜின் குளிர்ச்சியாக இருந்தால் அதில் ஒரு பங்கு ஆயிலில் போய்ச் சேரும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடியில் பாருங்கள், மோர்க்குழம்பு நிறத்தில் வழவழவென்று படிந்திருந்தால் உங்கள் வண்டியும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. (சிலிண்டர்களுக்கு மூடியான ஹெட்டுக்கு அடியில் வைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தாலும் அப்படிப் படியும், கூலண்ட் குறைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.)

ஹெட்டைக் கழற்றினார். அந்தக் காட்சியை நான் மறக்கவில்லை. பிஸ்டன் தலையில் கரி கெட்டியாகப் படிந்து, தண்ணீர் வற்றிய வாய்க்காலில் சேறு வெடித்திருப்பது போல பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடு சிலிண்டரின் இன்டேக் வால்வுக் கழுத்தில் ஆயில் காய்ந்து கறுப்புக் களிம்பாக இறுகியிருந்தது, நகத்தால் கீறினால் கீறல்கூட விழவில்லை. பிஸ்டனுக்கு மேலே உள்ள இடத்தைக் கரி அடைத்துக்கொள்வதால் கம்ப்ரஷன் தேவைக்கு மேல் ஏறுகிறது, கரி சூடாகிக் கனிந்து நிற்பதால் பிளக் பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் தாறுமாறாகப் பற்றிக்கொள்கிறது. பாலத்தில் கேட்ட சத்தம் அதுதான்.

அவர் சுரண்டிய விதத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரும்பு எதுவும் கிடையாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மூங்கில் சிம்பைச் சீவிக்கொண்டு, பித்தளை பிரஷ்ஷும் சேர்த்து மெதுவாக எடுத்தார். ஹெட் அலுமினியம், ஸ்க்ரூடிரைவரால் கீறினால் அந்தக் கீறல் வழியே கேஸ்கெட் கசியும். ஒரு பிஸ்டனை மேலே கொண்டுவந்து சுரண்டும்போது மற்ற சிலிண்டர்களில் துணியை அடைத்துவிட்டார், தூள் உள்ளே விழுந்தால் சுவரைக் கோடு போட்டுவிடும். பிஸ்டன் ஓரத்தில் மட்டும் நூல் அளவுக்கு ஒரு கரி வளையத்தை விட்டுவிட்டார். ஏன் பாய் என்றேன், ஓடின இன்ஜினில் அது ஆயில் மேலே ஏறாமல் கொஞ்சம் தடுக்கும் என்றார். அப்புறம் வால்வு கிரைண்டிங், ஆறு வால்வுக்கும் புது சீல், புது ஹெட் கேஸ்கெட், தெர்மோஸ்டாட், ஏர் ஃபில்டர், ஆயில். எல்லாம் சேர்த்து 8,200 ரூபாய். முன்பு கொடுத்த 3,500-உம் இதிலேயே சேர்ந்திருக்க வேண்டிய காசு.

இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து இரண்டு விஷயத்தை மட்டும் செய்யாதீர்கள். ஒன்று, வீடியோவில் பார்த்துவிட்டு ஓடும் இன்ஜினுக்குள் வேக்குவம் குழாய் வழியாகத் தண்ணீர் விடுவது. தண்ணீரை அமுக்க முடியாது. அளவு கொஞ்சம் மீறினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அதோடு இன்ஜின் போச்சு. இன்னொன்று காஸ்டிக் சோடா. அம்பாசடர் காலத்தில் வார்ப்பிரும்பு ஹெட்டைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் போட்டு வேகவைப்பார்கள், கரியெல்லாம் உரிந்து வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் அலுமினிய ஹெட்டையும் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிடும், அப்போது பொங்கி வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் பீடிக் கங்கு இருந்தாலே ஆபத்து. எங்கள் தெருவில் ஒருவருடைய ஹெட் அப்படிக் குழி குழியாகிப் பழைய இரும்புக்காரனிடம்தான் போனது.

பெட்ரோல் டேங்கில் ஊற்றும் மருந்து ஏமாற்று என்று சொல்லமாட்டேன். பாலிஈதர் அமைன் என்ற கரி நீக்கும் ரசாயனம் உள்ள மருந்தாக இருந்தால் இன்ஜெக்டரையும் இன்டேக் வால்வையும் ஓரளவு சுத்தம் செய்யும், கரி லேசாக இருக்கும்போதே போட்டால் பலன் உண்டு. ஆனால் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் புது இன்ஜின்களில் அது இன்டேக் வால்வைத் தொடவே தொடாது, பெட்ரோல் அந்த வழியாக வந்தால்தானே? டீசல் கார் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே புகையைத் திருப்பி உள்ளே அனுப்பும் ஈஜிஆர் வால்விலும் இன்டேக் மேனிஃபோல்டிலும்தான் கரியும் ஆயிலும் சேர்ந்து தார் போல அடைக்கும், அதைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

நான் இப்போது மாதம் இரண்டு முறை வண்டியைத் தஞ்சாவூர் தாண்டி வல்லம், செங்கிப்பட்டி வரை நான்கு வழிச் சாலையில் எடுத்துப் போய் வருகிறேன். அரை மணி நேரம் ஒரே சீராக எழுபதில் ஓடினால் பிளக்கில் படிந்த மென்கரி போய்விடும், ஆயிலில் சேர்ந்த ஈரமும் ஆவியாகும். கெட்டியான கரி இதனால் போகாது, அதை எதிர்பார்க்கக் கூடாது. ஹெட் வேலை முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. போன வாரம் நானே பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், மூன்றும் வறுத்த கடலைத் தோல் நிறத்தில் இருந்தன.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள், இதைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை போடுங்கள். கார்பன் கிளீனிங் செய்கிற கடைக்காரர்களும் வேலைக்கு முன்பும் பின்பும் பிளக்கை வாடிக்கையாளர் கையில் கொடுத்துக் காட்டட்டும். பிளக் துளை வழியாக உள்ளே விடும் சின்ன கேமரா இப்போது செல்போனிலேயே மாட்டிக்கொள்கிற மாதிரி கிடைக்கிறது, அதில் பிஸ்டனைக் காட்டிவிட்டுக் காசு கேட்டால் யார் மறுக்கப் போகிறார்கள்? நம் மாவட்டங்களில் மோட்டார் மெக்கானிக் பிரிவு உள்ள அரசு ஐடிஐகள் வருடத்துக்கு ஒரு நாள் பழைய வண்டிகளுக்குப் பிளக், ஃபில்டர், கம்ப்ரஷன் மூன்றையும் மட்டும் பார்த்துச் சொன்னால் பிள்ளைகளுக்கும் பழக்கம், எங்களுக்கும் உதவி.

சம்பா அறுவடை தொடங்கும் முன் அந்தக் கட்டுரை வந்தால் நல்லது. மிஷின் வயலில் இறங்கிவிட்டால் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்க்கக்கூட இங்கே யாருக்கும் நேரம் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.