மருதமலை ரோடுன்னு சேத்துச் சொல்லு

அம்மிணிக்கு,

அப்பா எழுதறது. பாரதியார் யுனிவர்சிட்டில உனக்கு இண்டர்வியூன்னு உங்கம்மா சொன்னா. உன்ற படிப்புக்கு அவங்க கூப்பிடாம இருந்தாத்தான் தப்பு. பிளேன்லயா ரயில்லயா, எதுல வர்றேன்னு மட்டும் நீ சொல்லலியாமா. அதனால ரெண்டு வழியும் எழுதறேன்.

கோயம்புத்தூர் ஏர்போர்ட் ஊருக்குக் கெழக்க, பீளமேட்டுல. யுனிவர்சிட்டி மேக்க, மருதமலை அடிவாரத்துல. ஊரையே குறுக்க தாண்டோணும், 25 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். டாக்சி வேண்டாம்னா வெளிய அவிநாசி ரோட்டுக்கு வந்து, சித்ரா ஸ்டாப்புல காந்திபுரம் பஸ் ஏறு. பொட்டி கனமா இருந்தா அந்த நடை வேண்டாம், ஆட்டோ புடிச்சுக்கோ. கோல்டுவின்ஸ்லேர்ந்து உப்பிலிபாளையம் வரைக்கும் 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் 2025ல தொறந்துட்டாங்க. நீ அதைப் பாத்ததில்ல. பஸ் ஸ்டாப்பெல்லாம் பாலத்துக்குக் கீழதான்.

ரயில்ல வந்தா ஈரோடு தாண்டித்தான் கோயம்புத்தூர். டிக்கெட் போடறப்பவே ஒண்ணு பாத்துக்கோ. கேரளா போற வண்டி எல்லாமே கோயம்புத்தூர் ஜங்ஷனுக்குள்ள வராது. சிலது இருகூர்லேர்ந்து நேரா போத்தனூர் போயிரும். தூங்கி முழிச்சுப் பாத்தா ஊரோட தெக்குக் கோடில நிப்ப. கொங்கு எக்ஸ்பிரஸ்னா அந்தப் பயமில்ல, கோயம்புத்தூரோட முடிஞ்சிரும், ஆனா வாரத்துக்கு ஒரு நாள்தான். ஜங்ஷன்ல பின்னாடி கூட்ஸ்ஷெட் ரோட்டுப் பக்கம் எறங்கிராத. ஒண்ணாம் பிளாட்பாரம் வழியா முன்னாடி வந்தாத்தான் காந்திபுரம் பஸ் சுலுவா கெடைக்கும்.

காந்திபுரத்துல டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் போ. 70ஆம் நம்பர், மருதமலை. லாலி ரோடு, வடவள்ளி வழியாப் போகும். அங்கயே ஏறுனாத்தான் உக்கார எடம் கெடைக்கும், வழியில நின்னு ஏறலாம்னு நெனைக்காத. முக்கால் மணி நேரம் ஆகும். காலைல ஆபீஸ், பள்ளிக்கூட நேரத்துல இன்னும் இழுக்கும். கிருத்திகை, சஷ்டின்னா மலைக்குப் போற கூட்டமே வண்டிய நெறச்சிரும், காலண்டரைப் பாத்துக்கோ. சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்குக் காசில்ல, ஆனா டிக்கெட் வாங்கி வச்சுக்கோணும்.

ஆட்டோவுல போனா "யுனிவர்சிட்டி"ன்னு மட்டும் சொல்லாத. லாலி ரோட்டுல வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கு, அங்க கொண்டுபோய் எறக்கி உட்டுருவாங்க. நவாவூர் பக்கம் அண்ணா யுனிவர்சிட்டி வளாகம் வேற இருக்கு. அதனால மருதமலை ரோடு பாரதியார்னு சேத்துச் சொல்லு. எறங்குனதும் வந்துட்டோம்னு நெனைக்காத, வளாகம் ஆயிரம் ஏக்கர். கேட்டுலயே உன்ற டிபார்ட்மென்ட் எங்கன்னு கேட்டுக்கோ. அரை மணி நேரம் முன்னாடியே போயிரு.

எரும கன்னு போட்டிருக்கு. அம்முச்சிக்கு முட்டிவலி பரவால்ல.

முடிஞ்சப்புறம் எங்க போறேன்னு நான் கேக்கல. ஓட்டல்ல ரூம் போட்டிருக்கறதா உங்கம்மா சொன்னா. போடு. ஆனா ரயில்ல வந்தா ஈரோடு தாண்டித்தான் வருவ, அதைச் சொன்னேன்.

நீ தில்லிக்குக் கெளம்புன அன்னைக்கு நான் ஈரோடு டேசனுக்கு வந்திருக்கோணும். வண்டி எத்தனை மணிக்கு, எந்த பிளாட்பாரம்னு எல்லாம் தெரிஞ்சுதான் வாசல்ல உக்காந்திருந்தேன். பொட்டியத் தூக்கிட்டு என்னைத் தாண்டிப் போன. ஏந்திரிக்கல. நீ அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல. தப்பு என்ற மேலதான் கண்ணு.

மறுபடியும் சொல்றேன், மருதமலை ரோடுன்னு சேத்துச் சொல்லு.

சாயங்காலம் காந்திபுரத்துலேர்ந்து ஈரோடு பஸ் இருக்கும். சேலம் வண்டில ஏறிராத, அது பைபாஸ்லயே போயிரும். ஈரோடு போர்டு பாத்து ஏறுனா பெருந்துறைல எறங்கலாம். அவிநாசி தாண்டறப்ப ஒரு போன் போடு. எந்நேரமானாலும் வண்டியோட ஸ்டாண்டுல நிப்பேன்.

அப்பா