கூடியாட்டத்தை நறுக்காதீர்கள்

கலைவிழா அமைப்பாளர்களுக்கும் சபா செயலாளர்களுக்கும் வணக்கம்.

பழைய சமஸ்கிருத நாடக மரபை இன்றைய ரசிகர்களிடம் கொண்டுசேர்க்கிறோம் என்று அழைப்பிதழில் அச்சடிக்கிறீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் கொண்டுசேர்ப்பது என்றாலே சுருக்குவது என்று ஏன் ஆகிவிட்டது? அந்த மரபில் கேரளக் கோவில்களில் ஆடப்பட்டுவந்த நாடகம் கூடியாட்டம். அங்கிருந்து வரும் கூடியாட்டக் குழுவுக்கு ஒரு மணி நேரம் கொடுப்பீர்கள். வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் போக முக்கால் மணி மிஞ்சும். முந்தைய நிகழ்ச்சி இழுத்துவிட்டால் அதுவும் போச்சு.

அந்த வரவேற்புரையில் சிலப்பதிகாரத்துப் பறையூர்க் கூத்தச் சாக்கையனை, கூடியாட்டம் ஆடும் சாக்கியார்களின் முன்னோடி என்று, தவறாமல் இழுத்துவருவீர்கள். செங்குட்டுவன் அவன் ஆடலைக் கண்டு மகிழ்ந்தான் என்றுதான் இளங்கோ எழுதியிருக்கிறார். நடுவில் சீட்டு அனுப்பி முடிக்கச் சொன்னதாக எங்கும் இல்லை.

கோவிலின் நாடக அரங்கமான கூத்தம்பலத்தில் மரபுப்படி முழு நாடகத்தை ஆடுவதில்லை. அதில் ஓர் அங்கத்தை, அதாவது ஒரு பகுதியை, மட்டும் எடுத்துக்கொள்வார்கள், அதற்கே பல இரவுகள் ஆகும். முதலில் பாத்திரத்தின் புறப்பாடு. அப்புறம் நிர்வகணம். அந்தப் பாத்திரம் இங்கே வந்து நிற்பதற்கு முன் நடந்ததையெல்லாம் ஒரே நடிகர் தனியாக ஆடிக்காட்டுவார். எல்லோரும் கூடி ஆடுவது கடைசியில்தான். பழைய சமஸ்கிருத நாடகாசிரியர் பாசனின் பிரதிஞ்ஞாயௌகந்தராயணத்தில் மூன்றாம் அங்கமான மந்திராங்கத்தை மரபுப்படி ஆடினால் 41 நாள். அவ்வளவு வேண்டாம், சரி. ஆனால் நீங்கள் முதலில் வெட்டுவது நிர்வகணத்தை. கூடியாட்டத்தில் நடிகரின் வித்தை முழுக்க இருப்பதோ அங்கேதான்.

தோரணயுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாசனின் அபிஷேக நாடகத்தில் வருகிற அங்கம் அது. இராவணன், தான் கைலாயத்தைப் பெயர்த்த பழைய கதையை நினைத்துப்பார்ப்பான். நடிகர் முதலில் மலையின் அடிவாரத்தைப் பார்ப்பார். பார்வை மெல்ல மேலே ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும். நமக்குக் கழுத்து வலிக்கிற அளவுக்கு மலை உயர்ந்த பிறகுதான் அதை அசைக்கவே கை வைப்பார். பிறகு அதே உடுப்பிலும் அதே கிரீடத்திலும் அவரே பார்வதி ஆகிவிடுவார். சிவன் தலையில் கங்கையைக் கண்டுவிட்ட ஊடல் அவள் முகத்தில் தெரியும். அடுத்த நொடி சிவன், என்ன சொல்லிச் சமாளிப்பது என்று விழிப்பார். மலை ஆடும்போது பயத்தில் பார்வதி ஓடிவந்து அணைக்க, ஊடல் தீரும். இப்படி ஒருவரே ஆள் மாறி ஆடுவதைப் பகர்ந்தாட்டம் என்பார்கள். சம்பந்தர் பதிகங்களின் எட்டாம் பாட்டில் இந்த இராவணனைத் திரும்பத் திரும்பச் சந்தித்துப் பழகியவர்கள் நாம். இதைப் பார்க்க நமக்குப் பொறுமை இல்லை என்று யார் முடிவு செய்தது? பத்து நிமிடத்தில் மலையைத் தூக்கிப் போடச் சொன்னால் அது வெறும் அட்டை மலை.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்தக் கலை உயிரோடு இருப்பதே மாறியதால்தான். கூடியாட்ட நடிகர் பைங்குளம் ராம சாக்கியார் 1949இல் இதைக் கோவிலுக்கு வெளியே ஆடினார், அதுவும் எதிர்ப்புக்கு நடுவில். 1965இல் கலைப் பள்ளியான கேரள கலாமண்டலத்தில் இதற்கென்று துறை வந்தது. பரம்பரையாக இதற்கே உரிய சாக்கியார், நம்பியார் குடும்பங்களுக்கு வெளியே இருந்தவர்களும் பிறகு படிக்க வந்தார்கள். நடிகை மார்கி சதி, பெண்கள் தனியாக ஆடும் நங்கியார்கூத்துக்காக ஸ்ரீராமசரிதத்துக்குப் புது ஆட்டப்பிரகாரமே, அதாவது எப்படி ஆடுவது என்ற நடிப்புக் கையேடே, எழுதினார். யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு அங்கீகாரம் வருவதற்கு வெகு முன்பே இந்த வேலை தொடங்கிவிட்டது. யார் ஆடலாம், எங்கே ஆடலாம், எதை ஆடலாம் என்பதையெல்லாம் இவர்கள் மாற்றினார்கள். நாடக இயக்குநர் ஹபீப் தன்வீர் 1958இல் மிருச்சகடிகம் என்ற சமஸ்கிருத நாடகத்தைச் சத்தீஸ்கர் நாட்டுப்புறக் கலைஞர்களோடு மேடையேற்றியது வேறு வழி. அதுவும் எனக்குப் பிடிக்கும். அவர் புதிதாக ஒன்றைச் செய்தார், இருக்கிற ஒன்றை நறுக்கவில்லை.

சென்னைக்காரர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். கேரளத்துக்கு வெளியே கூடியாட்டம் முதன்முதலில் வந்தது இந்த ஊருக்குத்தான். 1962இல் சமஸ்கிருத அறிஞர் வே. ராகவனின் சம்ஸ்கிருத ரங்கம் என்ற நாடக அமைப்பு, கூடியாட்ட நடிகர் மாணி மாதவ சாக்கியாரை அழைத்தது. அன்று அவர் ஆடியவற்றில் தோரணயுத்தமும் உண்டு. அப்படித் தொடங்கிய ஊரில் இன்று 45 நிமிடம் என்றால் எப்படி?

ஆகவே சில வேண்டுகோள்கள். ஒரே விழாவில் ஐந்து குழுக்களுக்குப் பதில் ஒரே குழுவை மூன்று மாலைகளுக்கு அழையுங்கள். ஆயிரம் பேர் அமரும் அரங்கம் வேண்டாம், இருநூறு பேர் போதும். மேடையின் முன்னால் எரிகிற விளக்கில் மூன்று திரி இருக்கும். அவற்றில் இரண்டு நடிகரை நோக்கியவை. கண்ணுக்காக வைத்த வெளிச்சம் அது. மேலிருந்து மின்விளக்கைக் கொட்டி, முப்பதாவது வரிசையில் உட்காரவைத்துவிட்டு, ரசிகருக்குப் புரியவில்லை என்று குறைசொல்வதில் நியாயமில்லை. மிழாவுக்கு ஒலிபெருக்கியும் வேண்டாம். செம்புக் குடத்தில் இறுக்கிய தோல் அது, தெருமுனைவரை கேட்கும்.

புரியாமை உண்மையான சிக்கல்தான். அதற்கு மருந்து சுருக்குவதல்ல. ஒவ்வொரு மாலையும் தொடங்குமுன் பத்து நிமிடம், குழுவிலிருந்தே ஒருவர், இன்று ஆடப்போகும் சுலோகத்தையும் அதற்கான முத்திரைகளில் நாலைந்தையும் காட்டட்டும். மேடை ஓரத்தில் சின்னத் திரை வைத்து சுலோகத்தின் பொருளைத் தமிழில் ஓடவிடுங்கள். ஒவ்வோர் அசைவுக்கும் வரி போட்டால் ஆள் திரையைத்தான் பார்ப்பார், அதைச் செய்யாதீர்கள். கோமாளிப் பாத்திரமான விதூஷகன் பேசும் மலையாளத்தைப் பாதியாவது நாமே பிடித்துக்கொள்வோம்.

பணம் கூடுதலாகும், தெரியும். நடிகர், மிழாவுக்காரர்கள், இடக்கா, தாளம், ஒப்பனைக்காரர் என்று எல்லோருக்கும் மூன்று நாள் தங்குமிடம், சாப்பாடு, சம்பளம் வேண்டும். மலர் அச்சிடும் செலவையும் பொன்னாடைச் செலவையும் இந்தப் பக்கம் திருப்பினால் ஓரளவு கட்டும். மிச்சத்துக்கு நுழைவுச்சீட்டு வையுங்கள், வாங்குவோம். யாராவது முன்வந்தால், மூன்று மாலைக்குமான தமிழ்க் குறிப்பை எழுதித்தர நான் தயார். கட்டணம் வேண்டாம், கண் தெரிகிற தூரத்தில் ஓர் இருக்கை கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு ரசிகர்