40 மில்லிமீட்டர் விசிறிக்குப் புது போர்டா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதர்போர்டில் சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்) மேல் இருக்கும் குட்டி விசிறி கத்துகிறது, என்ன செய்வது என்று கேட்ட வாசகருக்கு, சென்ற இதழ் கேள்வி பதில் பகுதியில் ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தீர்கள்: "பழைய போர்டோடு போராடாமல் புதிதாக வாங்கிவிடுங்கள்." எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்கத்துக்குப் புது கம்ப்யூட்டர் விளம்பரம். தற்செயலாகத்தான் இருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் கும்பகோணத்தில் டிடிபி வேலை செய்கிறவன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாமே 2005-இல் வாங்கிய, என்விடியாவின் என்ஃபோர்ஸ் 4 சிப்செட் உள்ள போர்டில்தான் இன்னும் ஓடுகின்றன. ஏன் மாற்றவில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், பழைய தமிழ் ஃபான்ட், அந்த ஃபான்ட் வேலை செய்ய பிரிண்டர் போர்ட்டில் சொருகும் லாக். இப்போது வரும் போர்டுகளில் பெரும்பாலும் அந்தப் போர்ட்டே கிடையாது. "எல்லோரும் யூனிகோடுக்கு மாறுங்கள்" என்று முன்பு ஒரு இதழில் எழுதினீர்கள். பேஜ்மேக்கரில் யூனிகோடு தமிழ் வராது என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள். அதைச் சுட்டி நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை நாலு வரியாக்கி, என் ஊரையும் கும்மிடிப்பூண்டி என்று போட்டீர்கள்.

சரி, விசிறிக்கு வருகிறேன். அது 40 மில்லிமீட்டர்தான். அத்தனை சின்ன இறக்கை காற்றுத் தள்ள வேண்டுமானால் அசுர வேகத்தில் சுற்ற வேண்டும். தூசி சேர்ந்து, புஷ்ஷில் எண்ணெய் காய்ந்துவிட்டால் சில்வண்டு தோற்றுவிடும். ஸ்டிக்கரை உரித்துத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். மூன்று வாரம் தாங்கியது. சர்வீஸுக்கு வந்த தம்பியும் உங்களைப் போலவே, "போர்டை மாத்திடுங்க சார்" என்றார்.

கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் அலைந்து, விசிறியே இல்லாத அலுமினிய ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் தகடுகள்) ஒன்றை வாங்கி வந்தேன். போர்டைக் கழற்றி, பின்பக்கம் துருத்தும் பிளாஸ்டிக் பின்களை நோஸ் பிளையரால் அமுக்கினால் பழைய விசிறி வந்துவிடுகிறது. சூடு கடத்தச் சிப்பின் மேல் தடவியிருந்து காய்ந்துபோன பேஸ்ட்டை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பட்ஸால் துடைத்தேன். அடியில் இருப்பது மூடியில்லாத சிப். நகத்தளவு கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஒருபக்கமாக அழுத்தினால் ஓரம் பெயர்ந்துவிடும், அப்புறம் நீங்கள் சொன்ன புது போர்டுதான். ஹீட்சிங்க் உயரத்தில் கிராபிக்ஸ் கார்டு இடித்தது. இரண்டு தகடுகளை ஒடித்து இடம் பண்ணினேன். பின்னால் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி மெதுவாகச் சுற்றிக் காற்றை இழுக்கிறது, அது வேண்டும். மே மாத வெயிலிலும் ஹீட்சிங்க் மேல் விரலை வைத்துப் பத்து எண்ண முடிகிறது. ராத்திரி வேலை பார்த்தால் வீட்டில் இப்போது யாரும் திட்டுவதில்லை.

2019-இல் ஏஎம்டியின் எக்ஸ்570 சிப்செட் வந்தபோது பெரும்பாலான போர்டுகளில் இதே குட்டி விசிறி திரும்ப வந்தது. கார்டுகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையின் வேகமான 4.0 வடிவம் வந்ததால் சிப்செட் சூடு கூடிவிட்டது என்றார்கள். 2021-இல் அதே சிப்பை எக்ஸ்570எஸ் என்று விசிறி இல்லாமலே கொண்டுவந்தார்கள். கம்பெனிக்காரன் கழற்றினால் முன்னேற்றம், கும்பகோணத்துக்காரன் கழற்றினால் போராட்டமா?

சந்தாவை இரண்டு முறை ஏற்றினீர்கள், கேட்காமல் கட்டினேன். அந்த வாசகருக்காக அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள், போதும்: பிளாஸ்டிக் பின்கள் சொருகும் ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும், கிராபிக்ஸ் கார்டு வரை உள்ள உயரத்தையும் அளந்துகொண்டு ஹீட்சிங்க் வாங்கச் சொல்லுங்கள். விளம்பரத்துக்குக் கீழே இடம் இருந்தால்கூடப் பரவாயில்லை.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கும்பகோணம் (கும்மிடிப்பூண்டி அல்ல)