மலையேறும் பிள்ளைகளுக்கு டோக்கன் கொடுப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் மீன்துறையினர் டோக்கன் தருவதில்லை. டோக்கன் இல்லாமல் விசைப்படகு கரையை விட்டு நகரக் கூடாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கரை என்பதால், கூண்டை அலட்சியம் செய்பவர் இங்கு அரிது. குளிர்காலத்தில் இமயமலைக்குக் களப்பணிக்குச் செல்லும் இளைஞர்களைத் தடுத்து நிறுத்த இப்படியொரு கை இல்லை என்பதை என் மகள் ஊர் திரும்பிய பிறகே அறிந்தேன்.

விலங்கியல் முடித்த அவள், சென்ற தை, மாசியில் ஸ்பிதி பள்ளத்தாக்கில், பனிச்சிறுத்தைகளைப் படம்பிடிக்கும் தானியங்கி கேமராக்களைப் பராமரிக்கும் தற்காலிகப் பணியில் இருந்தாள். 4,000 மீட்டருக்கு மேல் உயரம். இரவில் மைனஸ் 25 டிகிரி. பேட்டரியையும் மெமரி கார்டையும் மாற்ற, கனத்த கையுறையைக் கழற்றியாக வேண்டும். அப்படிக் கழற்றிய சில நிமிடங்களில் மரத்துப்போன வலக்கை விரல் நுனிகள் இரண்டும், வீடு வந்தபோது கருவாட்டுத் தோலைப்போலக் கறுத்துச் சுருங்கியிருந்தன. உறைந்த விரலைத் தேய்க்கக் கூடாது, மறுபடி உறையாத இடத்துக்கு வந்தபின் வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும் என்பதைக்கூட அந்தக் குழுவில் எவருக்கும் சொல்லித் தரவில்லை. உடனிருந்தவர் நல்லெண்ணத்தில் பனியை அள்ளியே தேய்த்திருக்கிறார்.

விரலோடு போயிற்றே என்று ஆறுதல் கொள்ளவும் முடியவில்லை. பனிச்சரிவில் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. ஆகவே, புதைந்தவரின் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவியும் மண்வெட்டியும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். என் மகளின் குழுவில் மூவருக்கும் இருந்ததோ ஒரே மண்வெட்டி, அதுவும் கூடாரத்தில். 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மாணா அருகே பனிச்சரிவில் சிக்கிய 54 சாலைத் தொழிலாளர்களில், ராணுவமே மீட்பில் இறங்கியும், 8 பேர் இறந்தனர். ஆளரவமற்ற ஓடைகளில் கேமரா பொருத்துவோரைத் தேடி யார் வருவார்கள்? செயற்கைக்கோள் தொலைபேசியை அரசு அனுமதியின்றி வைத்துக்கொள்ள முடியாது. அந்த அனுமதிக்கு, அவளை வேலைக்கு அமர்த்திய நிறுவனம் விண்ணப்பிக்கவே இல்லையாம்.

பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் சண்டீகர் நிலையம் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. எச்சரிக்கை உள்ள நாள்களில் களப்பணியை நிறுத்துவதையும், முறையான பயிற்சி, காப்பீடு, தொலைத்தொடர்பு ஆகியவற்றையும் உறுதிசெய்த பிறகே, ஆய்வுத் திட்டங்களுக்கு அரசு நிதியை விடுவிக்க வேண்டும்.

வரும் மார்கழியில் மகள் மறுபடியும் போகிறாள். தடுக்க எனக்கு மனமில்லை. படிவத்தில் அவசரத் தொடர்புக்கு என் கைப்பேசி எண்ணை எழுதியிருக்கிறாள். பாம்பனிலிருந்து நான் யாரை அழைக்க வேண்டும் என்பது அந்தப் படிவத்தில் எங்கும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.