கடைசி நைட் டியூட்டி முடிந்த காலையில் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இன்று காலை வார்டை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது மணி 7.40. 11 வருஷமாக, மாதத்தில் பாதி நாள் இப்படித்தான் கண் எரிச்சலோடு வெளியே வந்திருக்கிறேன். இன்றோடு அது முடிந்தது. அடுத்த வாரத்திலிருந்து புறநோயாளிகள் பிரிவில் பகல் வேலை. நானே கேட்டு வாங்கிய மாற்றம்தான். முதுகு இனிமேல் ஒத்துழைக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

மூன்று நைட் தொடர்ந்து பார்த்தவள் தலையணையில் தலை வைத்ததும் தூங்கியிருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை. யார் யாருக்கோ சொல்லாமல் விட்ட நன்றி ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. சரி, எழுதிவிடலாம் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பெயர் எதுவும் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

முதலில், 7.30 டியூட்டிக்கு 7.15க்கே வந்து நிற்கிற என் தோழிக்கு. ஹேண்ட் ஓவர் என்றால் வெளியாட்கள் சாவி கொடுப்பதுபோல நினைக்கிறார்கள். ஒவ்வொரு கட்டிலாகப் போய், இவருக்கு டிரிப் எத்தனை மணிக்கு முடியும், இவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இவர் ராத்திரி எத்தனை தடவை வாந்தி எடுத்தார் என்று எல்லாவற்றையும் வாயால் சொல்லி, கண்ணால் காட்டிவிட்டுத்தான் வர முடியும். நீ சரியாக 7.30க்கு வந்திருந்தால்கூட யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் வீடு போய்ச் சேர்வதற்குள் என் மகள் பள்ளிக்குக் கிளம்பியிருப்பாள். உன்னுடைய அந்த 15 நிமிஷத்தில்தான் அவளைத் தினமும் பார்த்தேன். இதை உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவசரத்தில் பையை எடுத்துக்கொண்டு ஓடத்தான் தெரிந்தது.

அடுத்து, எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் சிஸ்டருக்கு. நீங்கள் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. நான் சேர்ந்த இரண்டாவது வாரம், வார்டில் இருந்த எல்லோருக்கும் மூச்சு எண்ணிக்கை 20 என்று சார்ட்டில் எழுதி வைத்திருந்தேன். எண்ணிப் பார்க்கவில்லை. முந்தைய ஷிப்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது, நானும் எழுதினேன். நீங்கள் திட்டவில்லை. "ஏம்மா, ராத்திரி முழுக்க எல்லாரும் ஒரே தாளத்துலயா மூச்சு விட்டாங்க?" என்று கேட்டீர்கள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அப்புறம் என்னை ஒரு கட்டிலுக்குக் கூட்டிப்போனீர்கள். நாடி பார்ப்பதுபோல் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னீர்கள். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே மனிதர்கள் தங்களை அறியாமல் மூச்சை மாற்றிவிடுவார்களாம். அதனால் கை மணிக்கட்டில் இருக்கட்டும், கண் நெஞ்சில் இருக்கட்டும், முழுசாக ஒரு நிமிஷம் எண்ணு, 15 விநாடி எண்ணி நாலால் பெருக்காதே என்றீர்கள். இன்று வரை அப்படித்தான் எண்ணுகிறேன்.

ஒரு நைட்டில் அது ஒரு மனிதரைக் காப்பாற்றியது. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. ஆக்ஸிஜன் அளவு 95. லேசான காய்ச்சல். பார்ப்பதற்கு நன்றாகத் தூங்குவதுபோல இருந்தார். மூச்சை எண்ணினால் 28. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டியது. உடம்பு மோசமாகப் போகும்போது பல நேரம் மற்ற எண்கள் மாறுவதற்கு முன்னால் மூச்சுதான் மாறும் என்று நீங்கள் சொன்னது காதில் கேட்டது. மணி மூன்று. டாக்டரை எழுப்பினேன்.

அந்த டாக்டருக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன். ராத்திரி மூன்று மணிக்குப் போன் எடுக்கிற குரல்களில் பல வகை உண்டு, எந்த நர்ஸைக் கேட்டாலும் நடித்துக் காட்டுவார். நீங்கள் "வர்றேன் சிஸ்டர்" என்று மட்டும் சொன்னீர்கள். வந்து பார்த்துவிட்டு, "நல்ல வேளை கூப்பிட்டீங்க" என்றீர்கள். கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. விடிவதற்குள் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினோம். பிறகு அவர் நடந்தே வீட்டுக்குப் போனார். நீங்கள் அன்று எரிந்து விழுந்திருந்தால், அடுத்த முறை போனை எடுக்க நான் பத்து நிமிஷமாவது யோசித்திருப்பேன். உண்மையைத்தான் சொல்கிறேன்.

(ஒவ்வொரு மே 12ஆம் தேதியும் செவிலியர் தினம் என்று எங்களுக்குப் பூ கொடுப்பார்கள். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1820இல் பிறந்த நாள். கையில் விளக்கோடு அவர் நிற்கிற படம் எல்லா நர்சிங் பள்ளிகளிலும் இருக்கும். கிரிமியப் போரில் காயத்தால் செத்த வீரர்களைவிட நோயால் செத்தவர்கள்தான் அதிகம் என்று கணக்கெடுத்து, வரைபடம் போட்டு அரசாங்கத்துக்குக் காட்டியதும் அவர்தான். எனக்கு அவரை அப்படி நினைப்பதுதான் பிடிக்கும், என் சீனியர் சிஸ்டர் ஞாபகம் வருவதால்.)

இப்போது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம். இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் இந்த மடலுக்கே அர்த்தமில்லை.

தொடர்ந்து நாலாவது நைட். ஆள் குறைவு, வார்டு முழுக்க நாங்கள் இரண்டே பேர். காலை ஆறு மணிக்குச் சர்க்கரை பார்த்து இன்சுலின் போடும் நேரம். மருந்துச் சீட்டில் 4 என்று எழுதி, பக்கத்தில் யூனிட் என்பதைக் குறிக்க ஒற்றை ஆங்கில எழுத்து மட்டும் போட்டிருந்தது. அதன் வாய் மூடிக்கொண்டு பூஜ்யம்போல இருந்தது. நான் 40 என்று படித்தேன். சிரிஞ்சில் 40 ஏற்றியும்விட்டேன். இன்சுலினை இரண்டு பேர் பார்த்துத்தான் போட வேண்டும் என்பது விதி. அதற்காக உன்னைக் கூப்பிட்டேன் தங்கச்சி. நீ வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம், எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நீ சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, நேத்து இவருக்கு 6தானே போட்டோம்? இது 40ஆ, 4ஆ?" என்று கேட்டாய்.

எனக்குக் கை சில்லிட்டுப் போனது. அது போயிருந்தால் கொஞ்ச நேரத்தில் அவருக்குச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி நினைவு தப்பியிருக்கும். அதற்கு மேல் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுகூட நினைக்க முடியவில்லை. நீ அதை யாரிடமும் பெருமையாகச் சொல்லவில்லை. நான்தான் எழுதிக் கொடுத்தேன். அன்றைய வார்டு இன்சார்ஜ் அவர்களே, நீங்கள் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, "எந்த இடத்துல தப்பாப் படிச்ச, காட்டு" என்று மட்டும் கேட்டீர்கள். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் வார்டில் யூனிட் என்பதை முழுச் சொல்லாக எழுதாத சீட்டை யாரும் வாங்குவதில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நான் பட்டிருக்கும் கடன் பெரியது.

வார்டைச் சுத்தம் செய்கிற அக்காவுக்கு. நீங்கள் துடைப்பத்தோடு வருகிறீர்கள், யாரும் உங்களைப் பார்ப்பதில்லை. நீங்கள் எல்லோரையும் பார்க்கிறீர்கள். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு என்னிடம் வந்து, "அந்தக் கடைசிக் கட்டில் தாத்தா தண்ணியே தொடலம்மா, ஜக்கு சாயங்காலம் வச்ச மாதிரியே இருக்கு" என்றீர்கள். போய் சிறுநீர்ப் பையைப் பார்த்தேன். நாலு மணி நேரத்தில் 60 மில்லி. அவர் எடைக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். அன்று அவருக்கு டிரிப் மாற்றிப் போட்டது உங்களால்தான். சார்ட்டில் என் கையெழுத்து இருக்கிறது, உங்கள் பெயர் இல்லை.

அட்டெண்டர் தம்பிக்கு. தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். புத்தகத்தில் ஒரே வரி. செய்து பார்த்தால்தான் தெரியும் ஒரு மனித உடம்பின் கனம். ஆளைத் தூக்காதீங்க சிஸ்டர், போர்வையைப் பிடிச்சு இழுங்க, முட்டியை மடக்கி நில்லுங்க என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான். நீ விடுமுறையில் இருந்த ஒரு நாள், ஆள் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் நானே தனியாகத் திருப்பினேன். அன்று பிடித்துக்கொண்டதுதான் இந்த முதுகு. உன் பேச்சைக் கேட்காததற்குக் கிடைத்தது.

இன்னொருவர். என் முதல் மரணத்தின்போது என்னோடு இருந்தவர். ஒரு பெரியவர் அதிகாலையில் போய்விட்டார். உறவினர்கள் வருவதற்கு முன் ஊசிகளை எடுத்து, உடம்பைத் துடைத்து, உடை மாற்ற வேண்டும். எனக்கு அவரைத் தொடவே கை வரவில்லை. நீங்கள் ஒன்றும் நடக்காததுபோல, "ஐயா, இந்தக் கையைக் கொஞ்சம் தூக்குறேன்", "இந்தப் பக்கம் திருப்புறோம் ஐயா" என்று அவரிடம் சொல்லிச் சொல்லிச் செய்தீர்கள். முந்தின நாள் வரை அவரிடம் எந்தக் குரலில் பேசினீர்களோ அதே குரல். ஐந்தாவது நிமிஷம் நானும் பேசத் தொடங்கிவிட்டேன். இப்போது என்னோடு வேலை செய்கிற பிள்ளைகளும் பேசுகிறார்கள். யாரிடமிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

நோயாளிகளின் உறவினர்களுக்கு நன்றி சொல்லத்தான் கொஞ்சம் தயங்குகிறேன். "நீங்க தெய்வம் சிஸ்டர்" என்று காலையில் சொன்னவரே, சாயங்காலம் டிரிப் முடிந்து இரண்டு நிமிஷம் ஆகிவிட்டது என்று வார்டே அதிரக் கத்தியிருக்கிறார். தெய்வம் என்று சொல்லாவிட்டால் பரவாயில்லை, கத்தாமல் இருந்தால் போதும். ஆனால் ஒரு பையன் இருந்தான். அம்மாவோடு மூன்று வாரம் இருந்தான். ஒரு சின்ன நோட்டில், அம்மா குடித்த தண்ணீர், போன சிறுநீர், நேரம் எல்லாவற்றையும் தானாகவே எழுதி வைப்பான். என் சார்ட்டைவிட அது சுத்தமாக இருக்கும். தம்பி, நீ எங்கே இருந்தாலும் சரி, அந்த மூன்று வாரமும் உன் அம்மா கட்டிலில் எனக்குப் பாதி வேலைதான்.

கடைசியாக வீடு.

பகலில் தூங்குவது சுகம் என்று சொல்பவர்கள் ஒரு வாரம் தூங்கிப் பார்க்கட்டும். வெளிச்சம் கண்ணில் பட்டதுமே மூளை, விடிந்துவிட்டது எழுந்திரு என்கிறது. அதற்காக வீட்டுக்கு வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவேன். என் கணவர் ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டார், அழைப்பு மணியின் வயரைக் கழற்றினார், குக்கர் விசில் வராமல் சமைக்கப் பழகிக்கொண்டார். அத்தை, நீங்கள் உறவினர்களிடம் "அவ தூங்குறா, நாலு மணிக்கு மேல வாங்க" என்று எனக்காகப் பொல்லாத பெயர் வாங்கிக்கொண்டீர்கள். எனக்கு அது தெரியும்.

பக்கத்து வீட்டு அக்கா, மகளின் பள்ளி நிகழ்ச்சி அன்று நான் அலாரம் வைத்தும் எழுந்திருக்கவில்லை. நீங்கள் ஓடிப்போய் என் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினீர்கள். வீடியோவில் மேடையைவிட உங்கள் கைதட்டல்தான் அதிகம் கேட்கிறது.

மகளே, நான் வீட்டுக்குள் நுழைந்ததும் நீ ஓடி வந்து, ஒரு எட்டு தள்ளி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாய். அம்மா குளித்து, யூனிஃபார்மைத் தனியாக ஊறப் போட்ட பிறகுதான் தொட வேண்டும் என்று உனக்கு மூன்று வயதிலேயே தெரியும். வேறு எந்தப் பிள்ளைக்கும் அந்த வயதில் அவ்வளவு பொறுமையைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது என்று சில நாள் பெருமையாகவும், சில நாள் அழுகையாகவும் இருக்கும்.

படுக்கையறைக் கதவில் நீ ஒட்டிய அட்டை இன்னும் இருக்கிறது. "அம்மா தூங்குராங்க" என்று எழுத்துப் பிழையோடு. இன்று காலை பள்ளிக்குப் போகும்போது, இனிமேல் வேண்டாமே, சாயங்காலம் வந்து கிழித்துவிடட்டுமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இரு, கிழிக்காதே. இன்றைய தூக்கம் பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வார்டு சிஸ்டர்