மீன் முதுகில் பிறந்த சூரியனும் சந்திரனும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உலகத் தொன்மக் கதைகள் என்றாலே கிரேக்கம், எகிப்து என்று நம் பத்திரிகைகள் நின்றுவிடுகின்றன. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஐலாவ் மலைச் சரிவுகளில் வாழும் ஹானி மக்களின் கதையையும் போடுங்கள். ஆதியில் வெறும் மூடுபனியும் கடலும்தான் இருந்தனவாம். அந்தக் கடலில் கிடந்த ஒரு பிரமாண்டமான பொன் மீன் உடம்பை உதற, கழுத்துச் செதில்களிலிருந்து வானத்துத் தெய்வமும் பூமித் தெய்வமும் வந்தார்கள், அப்புறம் முதுகுச் செதில்களிலிருந்து சூரியனும் சந்திரனும் வந்தார்கள். பகலும் இரவும் ஒரே முதுகில் பிறந்தவை என்பது எவ்வளவு அழகான எண்ணம்! தண்ணீர் நிற்கும் படிக்கட்டு வயல்களில் நெல்லோடு மீனும் வளர்க்கிற மக்களுக்கு மீன்தானே மூலத்தாயாக இருக்க முடியும்.

இவர்களின் உறவினமான ‘அக்கா’ (Akha) என்ற இனத்து மக்கள் மியான்மர், லாவோஸ், வட தாய்லாந்து வரை பரவியிருக்கிறார்கள். எருமைத் தோலில் இருந்த தங்கள் எழுத்தை முன்னோர் பசியில் தின்றுவிட்டதாகச் சொல்லும் அவர்கள், முழு வம்சாவளியையும் மனப்பாடமாகவே ஒப்பிக்கிறார்கள். ஹானி வயல்களை 2013-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தபோது படங்கள் வந்தன, சரி, கதைகளுக்கும் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகர்